லீலாவதி அடுப்பை அணைத்த ஞாயிறு

"இந்த மாசமும் தூக்கோடதான் எறங்குறாரு, பாத்தியா?"

வாசலில் நின்ற கொளஞ்சியம்மாள், பக்கத்து வீட்டு லீலாவதியின் இடுப்பில் இடித்தாள். பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து போதகர் ராசாங்கம் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வேதப்புத்தகம், மறு கையில் பித்தளைத் தூக்கு.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் இந்தச் சபைக்கு வந்தவர். மூன்று வருஷமாக, மாசத்தில் ஒரு ஞாயிறு இந்த ஊர் ஜெபவீட்டில் ஆராதனை நடத்துவார். அன்று அவருக்கும் சபைப் பெரியவர்களுக்கும் லீலாவதி வீட்டில் சாப்பாடு. வீட்டுக்கு வீடு முறை என்றுதான் பேச்சு. ஜெபவீட்டுச் சுவரை ஒட்டிய வீடு என்பதால், முறை அவள் வாசலைத் தாண்டி நகரவேயில்லை.

சாப்பிட்டுக் கிளம்பும்போது, "இதுல கொஞ்சம் சோறும் கொழம்பும் வையும்மா" என்று தூக்கை நீட்டுவார் போதகர்.

"வயிறார சாப்பிட்டது பத்தாதுன்னு தூக்கு வேற," என்றாள் கொளஞ்சி. "அந்தப் போதகரம்மா ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்துச்சா? நம்ம ஊருப் புழுதி அதுக்கு ஆவாது போல."

லீலாவதிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. மாடு கறந்து, தண்ணீர் சேந்தி, சாணி அள்ளிவிட்டு வந்திருந்தாள். இனிப் பத்துப் பேருக்கு உலை வைக்கணும்.

மூன்று வருஷத்தில் ஒரு பிரசங்கத்தைக்கூட அவள் முழுசாகக் கேட்டதில்லை. எல்லாரும் அங்கே ஊழியம் செய்கிறார்கள், நமக்கு இந்தப் புகைதான் என்று மனசு அடித்துக்கொண்டது. கர்த்தர் தன்னைக் கவனிக்கிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் போதகரின் குரல் உயர்ந்தது.

"மார்த்தாள் அடுப்படியில ஓடிக்கிட்டே கெடந்தா. தங்கச்சி மரியாள்? இயேசு காலடியில உக்காந்து வசனம் கேட்டா. நல்லது எதுன்னு தெரிஞ்சவ அவதான்!"

அரிசி களைந்துகொண்டிருந்த லீலாவதி தலையை நிமிர்த்தினாள்.

"ஓகோ! ஆக்கிப் போடறவளுக்குத்தான் ஏச்சா? இன்னிக்கி நானும் மரியாளா இருந்துட்டுப் போறேன்."

விறகை வெளியே இழுத்துத் தண்ணீரைத் தெளித்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கடைசி ஜெபம் வரை அசையவில்லை. சுகமாகத்தான் இருந்தது. அவள் புருஷன் தர்மனுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒலைகூடக் கொதிக்கலீங்கய்யா," என்று போதகரிடம் தலையைச் சொறிந்தான்.

லீலாவதி மறைக்கவில்லை. "மூணு வருஷமா மார்த்தாளாவே இருந்துட்டேங்கய்யா. ஓஞ்சு போயிட்டேன்."

"நாயந்தாம்மா. நீ உக்காரு," என்றார் போதகர்.

அங்கியைக் கழற்றித் தர்மன் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். சாம்பலுக்கடியில் மிஞ்சியிருந்த கங்குகளைக் கிளறி, ஊதுகுழலால் நாலு ஊதல், அடுப்பு பற்றிக்கொண்டது. அரிவாள்மனையில் உட்கார்ந்து கத்தரிக்காயை அரிந்த வேகத்தைப் பார்த்து, வாசற்படியில் நின்ற கொளஞ்சி வாயைப் பிளந்தாள்.

"ஐயாவுக்கு இதெல்லாம் பழக்கமா?"

"அஞ்சு வருஷமா தெனம் இதானே. என்ன, வாயில வைக்க வெளங்காது."

"அப்ப... போதகரம்மா?"

போதகர் அரிந்த காயைத் தண்ணீரில் போட்டார்.

"அவளுக்குக் கை கால் வராம அஞ்சு வருஷமாச்சு. வெளியில சொல்ல வேணாம்னுட்டா. மாசத்துல இன்னிக்கி ஒரு நாள்தான் என் சமையல்லேருந்து அவளுக்கு விடுதலை. தூக்கைத் தொறந்ததும், 'லீலாவதி கைக்கு பெலன் குடு கர்த்தாவே'ன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் மொத வாயே வாங்குவா."

லீலாவதிக்குக் கண் நிறைந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. முகம்கூடத் தெரியாத ஒருத்தி, தன் பெயரைச் சொல்லி மாசாமாசம் ஜெபிக்கிறாளா! காலையிலிருந்த அலுப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

கொளஞ்சியம்மாள் பித்தளைத் தூக்கை எடுத்துப் போய்ப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

லீலாவதி அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்கய்யா. அடுத்த மாசம் இதைவிடப் பெரிய தூக்கா கொண்டாங்க. அம்மாவுக்கு மறுநாளைக்கும் ஆவும்."