பிரமிடு கேட்ட தையல்காரர்

நூலகரம்மாவுக்கு அந்தத் தையல்காரர் மேல் சந்தேகம் விழுந்தது ஐந்தாவது நாள்.

முதல் நாள் கழுத்தில் அளவு நாடா தொங்க வந்து, பிரமிடு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பழங்கால ராஜாக்களின் சமாதியைப் பற்றி ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"வேற பிரமிடு இருக்காம்மா?"

பிரமிடில் என்ன வேறு வேறு ரகம், சட்டைக் காலர் மாதிரி? ஆனாலும் தேடினாள். கணக்குப் புத்தகத்தில் ஒன்று அகப்பட்டது. அடுத்த நாள், சர்க்கஸ்காரர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கிற பிரமிடு. அதற்கடுத்த நாள், எதை நிறையச் சாப்பிடலாம், எதைத் தொட்டுக்கொண்டால் போதும் என்று அடுக்கிக் காட்டும் உணவுப் பிரமிடு.

தேடித் தேடி அவளுக்கே ருசி தட்டிவிட்டது. ஒரு சொல்லுக்குள் இத்தனை குடித்தனமா என்று வியந்துபோனாள்.

ஐந்தாவது நாள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஒருத்தர் ரெண்டு பேரைச் சேர்க்கணும், அந்த ரெண்டு பேர் நாலு பேரைச் சேர்க்கணும்னு திட்டம் போடுறாங்களே, அதுக்கும் பிரமிடுன்னுதான் பேராமே. அது எப்படி நடக்குதுன்னு புத்தகம் இருக்கா?"

நூலகரம்மாவின் கை அப்படியே நின்றது. அவளுடைய தங்கை புருஷன் அப்படியொரு திட்டத்தில் சேர்ந்து, சொந்தக்காரர்கள் பதினோரு பேரையும் சேர்த்துவிட்டு, எல்லார் பணமும் முழுகிப்போய், இன்றைக்கும் கல்யாண வீடுகளில் தலைகாட்ட முடியாமல் இருக்கிறார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

"எதுக்கு இதெல்லாம் உங்களுக்கு?"

தையல்காரர் தயங்கினார்.

"வீட்டுல பேசணும்மா. தினமும் சாயங்காலம். சொன்னதையே சொன்னா எடுபடல."

சரிதான், வீட்டிலேயே கூட்டம் போடுகிறார். சமாதி, சர்க்கஸ் எல்லாம் ஆள் பிடிக்க விரிக்கிற வலை. அவள் அவருடைய உறுப்பினர் அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். இனி புத்தகம் கிடையாது, நாளைக்கே மேலதிகாரிக்கு எழுதி அட்டையை ரத்து செய்யச் சொல்லப் போகிறேன் என்றாள்.

அவர் வாதாடவில்லை. ரத்து மட்டும் பண்ண வேண்டாம், இதை விட்டால் தனக்கு வேறு வழியில்லை என்று கெஞ்சிவிட்டுப் போனார். நல்ல நடிகன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுதுவதற்கு முன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று, வேலை முடிந்ததும் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அதிலிருந்த முகவரிக்கே போனாள். முன்னறையில் தையல் மெஷின். பின்னறைக்கு ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் தையல்காரரின் குரல் கணீரென்று கேட்டது.

"கீழ நாலு பேரு. அவங்களுக்கு மேல ரெண்டு பேரு. உச்சியில ஒருத்தர்..."

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. விருட்டென்று திரையை விலக்கினாள்.

கூட்டம் எதுவும் இல்லை. சாய்வு நாற்காலியில் ஒரே ஒரு அம்மாள். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. நூலகரம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பிரமிடு" என்றாள்.

"வாங்கன்னு சொல்றா" என்று எழுந்தார் தையல்காரர்.

"பிரமிடு, பிரமிடு." இந்தத் தடவை புருஷனைப் பார்த்து, அதட்டலாக.

"உங்களுக்கு இன்னும் நாற்காலி போடலயாம். திட்டுறா."

நூலகரம்மா உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. திரைக்குப் பின்னால் கேட்டது புத்தகத்தில் படித்த சர்க்கஸ் பிரமிடு. எட்டு மாதத்துக்கு முன் மனைவிக்குப் பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. திரும்பி வந்தது இந்த ஒரு வார்த்தைதான். ஏன் இது மட்டும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. பசித்தாலும் இதுதான், கோபம் வந்தாலும் இதுதான். முன்பெல்லாம் தான் ஊசியில் நூல் கோப்பதற்குள் தெருக்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள் என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தாள்.

நூலகரம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை கூடவே வந்தார் தையல்காரர். ஒன்று மட்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அவங்க என்ன சொல்றாங்கன்னு குரலை வெச்சே உங்களுக்குப் புரிஞ்சிடுதே. அப்புறம் எதுக்கு இத்தனை புத்தகம்?"

அவர் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டார்.

"போன வாரம் ஒரு நாள் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே அழுதாம்மா. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்னு அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. அது ஒண்ணும் சின்ன வார்த்தை இல்லன்னு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா அவளுக்குக் காட்டிக்கிட்டிருக்கேன்."