தண்ணீரில் என்ன கலந்தாய்?

“எச்சத்துல இன்னும் ரத்தம்!” கார் ஷெட்டிலிருந்து மார்லிஸ் கத்தினாள். அயோவாவில் ஒரு வாரமாக மழை. கோழிக்குஞ்சுகளுக்குப் போட்ட மரத்தூளெல்லாம் ஈரம். “குடல் கிருமிக்குத் தண்ணியில மருந்து கலந்து நாலு நாளாச்சு. ரெண்டு செத்துப்போச்சு. டெய்சியும் சிறகைத் தொங்கப்போட்டு நிக்கிறா.”

“கடையில டஜன் டஜனா முட்டை விக்கிறான். உனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?” என்றான் கணவன் எல்டன். கோழி என்றாலே அவனுக்கு ஆகாது.

மறுநாள் காலை அவள் ஷெட் கதவைத் திடுமெனத் திறந்தாள். எல்டன் ஒரு புட்டியை மருந்துத் தண்ணீரில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“அடப்பாவி! விஷமா வைக்கிறே?”

“ஐயையோ, வைட்டமின்டி! வாடிப்போய் நின்னுதுங்க, மனசு கேக்கல. தினமும் ஊத்துறேன்.”

மார்லிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “அந்த வைட்டமின் கிடைக்காமக் கிருமியைப் பட்டினி போடுறதுதான்யா மருந்தோட வேலையே! நீ அதுக்கு விருந்து வச்சிருக்கே!”

எல்டன் பதறித் தண்ணீரைக் கொட்டினான். புதிதாக மருந்து கலந்து, டெய்சியின் அலகில் சொட்டுச் சொட்டாக விட்டான். ஒரு மிடறு இறங்கியது.

“மன்னிச்சுக்கோடி, என் ராஜாத்தி,” என்றான்.

இந்த வார்த்தைக்காக மார்லிஸ் கல்யாணமான நாளிலிருந்து காத்திருக்கிறாள். கிடைத்தது டெய்சிக்கு.