தோளில் புனிதர்

பலெர்மோவின் குறுகிய தெருவில் சுற்றுலாப் பேருந்தும், திருவிழா ஊர்வலத்தில் புனிதரின் சிலையைச் சுமந்து வரும் பல்லக்கும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கப்பலைத் தவறவிடப்போகும் பயணிகள் உள்ளே கத்துகிறார்கள். ஓட்டுநர் கயெத்தானோ ஆத்திரத்தோடு கீழே குதிக்கிறான். "ரெண்டு நிமிஷம் அவரைக் கீழ வச்சுட்டு ஒதுங்குங்களேன்டா!" பல்லக்கைச் சுமப்பவர்கள் முறைக்கிறார்கள். "யாரைடா கீழ வைக்கச் சொல்ற?" முன்தண்டைச் சுமக்கும் நுன்சியோ, தண்டிலிருந்து கையை எடுக்காமலே அவன் வயிற்றில் உதைக்கிறான். குனிந்தவனின் வாயில் அடுத்த உதை, பல் தெறிக்கிறது. உதைத்த வேகத்தில் நுன்சியோவின் மறுகால் வழுக்க, வெள்ளிக் கிரீடம் வெயிலில் பளீரிட, புனிதர் சாய்கிறார். பெண்கள் அலறுகிறார்கள். கயெத்தானோ பாய்ந்து தண்டுக்கடியில் தோளைக் கொடுக்கிறான். கன்னம் உரசும் நெருக்கத்தில் நுன்சியோ உறுமுகிறான்: "துப்பிடாதடா நாயே! புனிதர் மேல ஒரு சொட்டு பட்டுச்சு, மிச்சப் பல்லும் மிஞ்சாது." துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. வாய் நிறைந்த ரத்தத்தைக் கயெத்தானோ விழுங்குகிறான்.