ஒன்பது மணி பத்து நிமிஷம்

குழி வெட்டுகிறவர் மூன்றாவது முறையாக உள்ளே இறங்கினார்.

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. பழைய பெயிண்ட் வாளியில் மொண்டு மேலே வீசினார். பாதி வெளியே போனது. மீதி அவர் தலையிலேயே விழுந்தது.

இந்த மழைக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

முப்பது வருஷமாக இதே கல்லறைத் தோட்டம், இதே வேலை. வீட்டிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கடைசி இரண்டடியைத் தோண்டுவார். மழைக்காலத்தில் முன்கூட்டி வெட்டினால் குழி கிணறாகிவிடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? இன்றைக்கு மட்டும் விடிந்தும் விடியாமலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எல்லாம் அந்தப் போனால் வந்த வினை.

சவ வண்டி டிரைவர் நேற்று சாயங்காலம் இரண்டு ஏர்போர்ட் பெயரையும் அதில் தட்டிக் காட்டினான். ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர். பறக்க ஒன்பது மணி பத்து நிமிஷம்.

ராத்திரி பத்து மணிக்கு ஏறுகிறேன் என்று மகன் சொல்லியிருந்தான். அவன் வந்து முகம் பார்த்த பிறகுதான் அடக்கம். இவர் விரல்விட்டு எண்ணினார். காலை ஏழு பத்து. பஸ்ஸைத் தவிர வேறெதிலும் கால் வைக்காதவரின் கணக்கு.

இப்போது மதியம் ஒன்று.

அங்கே ராத்திரி பத்து என்றால் இங்கே நடுராத்திரி தாண்டி ஒன்றரையாம். போன் காட்டிய நேரம் நேராகப் பறந்தால்தானாம். அப்படி ஒரு விமானமே கிடையாதாம். நடுவில் ஏதோ ஊரில் இறக்கி, ஆறு மணி நேரம் உட்காரவைத்து, இப்போதுதான் அடுத்ததில் ஏற்றியிருக்கிறார்களாம். தரை தொட இன்னும் நாலு மணி நேரம்.

இத்தனை படித்தவனுக்கு இதை முதலிலேயே சொல்ல வாயில்லையா? கப்பலில் கிளம்பியிருந்தால்கூட இந்நேரம் வந்திருப்பான் என்று முனகியபடி வாளியை ஓங்கி அடித்தார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

ஒரு பக்கத்து மண் சரிந்து முழங்கால்வரை மூடியது. காலை உருவிக்கொண்டு அதையும் வாரி வெளியே கொட்டினார்.

நானும் இறங்குகிறேன் என்று டிரைவர் காலையிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டான். இறங்கினால் காலை உடைத்துவிடுவேன் என்று விரட்டியிருந்தார். இந்த முறை அவன் ஓரத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"போதும்ணே, மேல வாங்க. குளிச்சிட்டுப் போய் அண்ணி பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காருங்க. எல்லாரும் உங்களத்தான் தேடுறாங்க."

அவர் நிமிரவில்லை. அடியில் தேங்கியிருந்தது வாளிக்குள் வரவில்லை. சட்டையைக் கழற்றினார். தரையில் ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தார். மறுபடி ஒற்றினார்.

"ஈரம் பட்டாலே அவளுக்கு இழுப்பு வந்துடும்டா."