ஒரே சுருளில் அறுத்தது

மகள் மூச்சுவிடும் குழாயைக் கடித்துக்கொண்டு பவளப்பாறை பார்க்கப் படகிலிருந்து கடலில் இறங்குமுன், தூண்டில் சுருளிலிருந்தே ஒரு நீளக் கயிறு அறுத்து அவள் இடுப்பில் கட்டிவிட்டாள் வளர்மதி.

"பயமா இருந்தா ரெண்டு தடவ இழு. அம்மா தூக்கிருவேன்."

அந்தக் கயிற்றின் மறுமுனை வளர்மதியின் வலது கையில் இருந்தது. இடது கையில், கணவன் பிடிக்கச் சொன்ன தூண்டில் கயிறு. நடுவில் படகின் ஆட்டத்தில் குமட்டவே, இரண்டையும் ஒரே கைக்கு மாற்றி, வாயைத் துடைத்துவிட்டு மறுபடி பிரித்துப் பிடித்தாள். இரண்டும் ஒரே பச்சை; எது எந்தக் கைக்கு வந்ததென்று பார்க்கவில்லை.

அலைகளுக்கிடையே மகளின் குழாய் முனையைக் காணோம். வலது கைக் கயிறு வெட்டி இழுத்தது. இன்னொரு தடவையும் இழுத்தது.

"பெரிய மீனு. இழு வளரு," என்றான் கணவன்.

இழுத்தாள். கனத்து வந்தது. அதுவரை விறைப்பாக இருந்த இடது கைக் கயிறு மெல்லத் தொய்ந்தது.