சுரைப்பூவுக்குப் பின்னால்

சேந்தன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இருட்டில் அதன் ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைப்பான். அதற்குள் அவன் மனைவி குமுதினி கறுப்புச் சுடிதாரில் சுரைப்பூவைச் சுற்றி வந்து, டார்ச்சால் அதன்மேல் வெளிச்சம் பூசுவாள். நகர்ந்துகொண்டே இருப்பதால் அவள் படத்தில் விழமாட்டாள். பூ தானாக ஒளிர்வதுபோல் இருக்கும். ஒன்பது வருடமாகப் பரிசு வாங்கிய படங்கள் எதிலும் அவள் இல்லை.

இன்று பூவுக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“நிக்காத குமுதி, படத்துல விழுந்துடுவ.”

அவள் டார்ச்சைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். சிரிக்கவில்லை.

“பேசாம எண்ணுங்க.”

சேந்தன் எண்ணினான். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. ஷட்டரை மூடவேண்டிய விரல் அசையவில்லை.

“முப்பத்தொண்ணு” என்றான்.