கொசுறு அடையாளம்

மூன்றாவது வரியில் வாசிப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது வரியில் வியர்த்தது.

இணையத் தணிக்கைப் பிரிவில் அவருக்கு வாசிப்பதுதான் வேலை. அதிகாரிக்குக் கணினித் திரை கண்ணுக்கு ஆகாது. ஆகவே ஊர் மக்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் தாளில் அச்செடுத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல், மருந்துச் சீட்டைப் படிப்பது போல உரக்கப் படிக்க வேண்டும்.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தலைவரைக் கேலி செய்வதாகப் பட்டால் மேஜையில் ஒரு தட்டு. பக்கம் முடங்கும். எழுதியவர் வீட்டுக்குச் சாயங்காலத்துக்குள் வண்டி போகும்.

அன்றைய தாள் இப்படிப் போனது:

"இவர் வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. வந்த நாளிலிருந்து இந்த பல்பை மாற்றுகிறேன் என்கிறார். நாலு தடவை ஸ்டூலில் ஏறினார். ஏறும்போதெல்லாம் கைதட்டச் சொன்னார். இறங்கி வந்து, முன்னால் இருந்தவர்கள் மாட்டிய லட்சணம் சரியில்லை என்றார். எதிர்க்கேள்வி கேட்டால் டீவி சத்தத்தைக் கூட்டுகிறார். போட்டோ என்றால் மட்டும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்கிறார். நாம் இருட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறோம்."

எழுதியவர் பெயர் 'செவலை' என்று இருந்தது.

வாசிப்பாளர் வீட்டுப் பூனையின் பெயரும் செவலைதான். பதிவோடு கூடவே ஒரு படம். படத்தின் மூலையில் ஒரு திரைச்சீலை. அதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு.

சுட்டது அவர்தான்.

அவருக்குக் கல்யாணமாகியும் பன்னிரண்டு வருஷம்.

"தலைவரேதான். அச்சு அசல்." அதிகாரியின் கை மேஜைக்கு மேலே உயர்ந்தது.

"சார், ஒரு நிமிஷம். அது தலைவர் இல்ல. நான்."

கை அந்தரத்தில் நின்றது. மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாளின் பத்து விரலும் நின்றன.

"ஏன்யா, தலைவர் இடத்துல உனக்கு ஒரு கண்ணா?"

"எழுதினது என் வீட்டுக்காரி சார். புருஷனத் திட்டியிருக்கா. அதுக்கு இன்னும் சட்டம் வரல."

அதிகாரி கண்ணைத் திறந்தார். அவர் துணிக்கடைக்காரர் மகன். சாயம் போகாது என்று யார் சத்தியம் செய்தாலும் தண்ணீரில் நனைத்துப் பார்க்காமல் நம்புகிற வம்சம் அல்ல.

"இதுல அஞ்சு அடையாளம் இருக்கு. அஞ்சையும் காட்டு. விட்டுடறேன்."

"மூணு போதாதா சார்?"

"நாலு. அதுக்குக் கீழ கட்டாது."

பன்னிரண்டு வருஷத்துக்குத் திருமணப் பதிவு போதுமானதாக இருந்தது. அலுவலகக் கோப்பிலேயே அதன் நகல் கிடந்தது.

தொப்பைக்கு, சுவரில் மாட்டியிருந்த அலுவலகக் குழுப்படத்தைக் காட்டினார். அதிகாரி அருகில் போய் உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தட்டச்சு அம்மாள்தான் கைகொடுத்தார். "படம் எடுத்து முடிச்சு இவர் மூச்ச விட்டதும் சட்டை பட்டன் தெறிச்சு என் கன்னத்துல வந்து விழுந்துது சார்."

"சரி, ரெண்டு. நேத்து ஏன் மூணு மணிக்கே கிளம்பிட்ட?"

வாசிப்பாளர் எழுந்து போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். தாள்கள் பறந்தன. அதிகாரி இன்னும் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

"மூணு," என்று விரலால் காட்டினார் அதிகாரி.

மிச்சம் இருந்தது பல்பு. அந்த அறையின் குழல்விளக்கு எட்டு மாதமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. ஸ்டூல் வந்தது. வாசிப்பாளர் ஏறினார். பாதி உயரத்தில் நின்று தட்டச்சு அம்மாளைப் பார்த்து, கொஞ்சம் கைதட்டச் சொன்னார். அவர் தட்டினார். வாசிப்பாளர் குழலை இப்படித் திருகினார், அப்படித் திருகினார், அது இருந்த கொஞ்ச உயிரையும் விட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"இத முன்னாடி மாட்டினவன் லட்சணம் அப்படி சார்."

கேட்காத ஐந்தாவது அடையாளம் கொசுறாக வந்து விழுந்தது. அதிகாரிக்குப் பரம திருப்தி. 'மேற்படி பதிவில் குறிப்பிடப்படும் நபர் இப்பிரிவின் வாசிப்பாளரே' என்று எழுதி, இருட்டில் தடவித் தடவி முத்திரை குத்தினார்.

அன்று எந்த வீட்டுக்கும் வண்டி போகவில்லை.

வாசிப்பாளர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார். அடுப்படி வாசலில் நின்றபடி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் மானத்தை ஸ்டூலில் ஏற்றி அவள் உயிரைக் காப்பாற்றியதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். கட்டின புருஷனை ஊருக்கு முன்னால் இப்படியா கிழிப்பது என்றும் கேட்டார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

அவரும் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"இத நான் மாத்தி மூணு வருஷம் ஆச்சுங்க," என்றாள். "உங்க ஆபீசரு மொதல்லயே சரியாத்தான் சொல்லியிருக்காரு."

அவள் கரண்டியை மறுபடி எடுத்தாள்.

"உங்களப் பத்தி எழுத என்னங்க இருக்கு?"